வாசிக்க ஒரு டேப்பா, ஈ-ரீடரா? மட்டக்களப்பில் இருந்து வாங்கப் போகிறவர்களுக்கு

கடைக்குள் போய் "வாசிக்க ஒரு டேப் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். கமெரா எத்தனை மெகாபிக்சல், கேம் எப்படி ஓடும், சிம் போடலாமா என்றுதான் கதை தொடங்கும். வாசிக்கிறவருக்கு வேண்டிய விடயம் ஒன்றையும் அந்தப் பெட்டியின் மேல் அச்சடித்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக்கு ஒன்று தேடி மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனைக் கடைகள் ஏறி இறங்கி, கொழும்பிலும் விசாரித்து, வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரையும் கரைச்சல்படுத்திய பிறகு தெரிந்துகொண்டவற்றை வரிசையாக எழுதுகிறேன். போனில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

டேப் என்பது போன் மாதிரி ஒளிரும் திரை உள்ள பெரிய கருவி. ஈ-ரீடர் என்பது கிண்டில், கோபோ மாதிரி, காகிதம் போன்ற திரையோடு புத்தகம் வாசிக்கவென்றே செய்த கருவி. எந்தக் கருவி என்பதை நீங்கள் வாசிக்கப் போகும் கோப்புதான் முடிவு செய்யும். விலை, பிராண்ட் எல்லாம் அதற்குப் பிறகு.

1. எதை வாசிக்கப் போகிறீர்கள்? முதலில் அதை எழுதுங்கள்

நம்முடைய சனம் வாசிக்கிறவை பெரும்பாலும் நான்கு வகைக்குள் வரும்.

முதலாவது, ஸ்கான் செய்த பழைய புத்தகங்களும் சஞ்சிகைகளும். 2005 இல் தொடங்கிய நூலகம் தளத்தில் இலங்கைத் தமிழ் நூல்கள், பத்திரிகைகள், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள் என்று இலவசமாகக் கிடக்கின்றன. இவை பக்கத்தைப் படம் பிடித்த பிடிஎஃப்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கமும் சேர்ந்து பெரிதாகும், வரிகள் மடிந்து வராது.

இரண்டாவது, ஈபப் கோப்புகள். இவற்றில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி தானாக மடிந்து திரைக்குள் நிற்கும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஒரே புத்தகத்தை ஈபப் ஆகவும், ஏ4 பிடிஎஃப் ஆகவும், 6 அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃப் ஆகவும் தருகிறார்கள். சங்க இலக்கியம், பக்தி இலக்கியம் தேடுகிறவருக்கு 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. அமேசானின் கிண்டில் கடையில் காசு கொடுத்து வாங்குகிற தமிழ்ப் புத்தகங்களும் எழுத்தளவை மாற்றக்கூடிய இந்த வகைதான்.

மூன்றாவது, பாடப் புத்தகம், கடந்தகால வினாத்தாள், ஆசிரியர் வழிகாட்டி. கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்தில் தமிழ்மொழிமூலப் பாடநூல்கள் பிடிஎஃப் ஆக இருக்கின்றன. ஈ-தக்சலாவ தளத்தில் பாடங்களும் காணொளிகளும் உண்டு.

நான்காவது, இணையத்தில் மேய்வது. செய்தி, கட்டுரை, பேஸ்புக், யூடியூப்.

இந்த நான்கில் உங்கள் நாளில் கூடுதல் நேரம் எடுப்பது எது? அதற்குத்தான் காசு. "எல்லாத்துக்கும் வேணும்" என்று சொல்லிக்கொண்டு போனால் கடைக்காரர் தன்னிடம் கிடப்பில் இருப்பதைக் கட்டிவிடுவார்.

2. அடிமட்டத்தை எடுத்து அளந்து பாருங்கள்

திரை அளவைக் கோணலாக, மூலைக்கு மூலை அளந்துதான் சொல்வார்கள். வாசிக்கிறவருக்கு வேண்டியது அகலம். இந்தக் கணக்கை ஒருதரம் போட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஏ4 தாளின் அகலம் 21 சென்ரிமீற்றர். 6 அங்குல ஈ-ரீடரின் திரை அகலம் 9 சென்ரிமீற்றர் சொச்சம். 8.7 அங்குல டேப்பினுடையது 11.3. நீளம் 16க்கு அகலம் 10 என்ற அளவில் வரும் 11 அங்குல டேப்பில் ஏறத்தாழ 14.8. இப்போது விற்கிற சாதாரண ஐபேட் கொஞ்சம் அகலமான வடிவம் என்பதால் 15.8 வரை வரும்.

அப்படியென்றால், ஏ4 பக்கத்தில் 10 பொயின்ட் (அச்செழுத்தின் அளவு) எழுத்து 11 அங்குல டேப்பில் 7 பொயின்ட்டாகச் சுருங்கும். 8.7 அங்குலத்தில் ஐந்தரைக்குக் கீழே போய்விடும். 6 அங்குல ஈ-ரீடரில் 4 சொச்சம், அதை எறும்புதான் வாசிக்கலாம். ஆகவே வினாத்தாள், ஆய்வுக் கட்டுரை, பெரிய அளவுச் சஞ்சிகை வாசிக்கிறவர் 11 அங்குலத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கும் இதுதான் பதில்.

ஆனால் பழைய நாவல், கவிதைத் தொகுதி எல்லாம் ஏ4 இல்லை. பெரும்பாலும் 14 சென்ரிமீற்றர் அகலம். அவை 11 அங்குலத் திரையில் அச்சு அளவிலேயே நிற்கும், 8.7 அங்குலத்தில் ஐந்தில் நான்கு பங்கு அளவில் வரும். ஓரத்து வெள்ளையை வெட்டிக் காட்டும் வசதி வாசிப்புச் செயலிகளில் இருக்கிறது, அதைப் போட்டால் இன்னும் கொஞ்சம் பெருக்கும். படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடித்து வாசிக்கிற பழக்கம் உள்ளவருக்கு 8.7 அங்குலம் நல்ல இணக்கம். 11 அங்குலம் ஏறத்தாழ அரைக் கிலோ கனம். அரை மணித்தியாலம் பிடித்தால் மணிக்கட்டு சொல்லும்.

அடுத்தது கூர்மை. திரையில் ஒரு அங்குலத்துக்குள் எத்தனை புள்ளிகள் (பிக்சல்) என்பதுதான் கணக்கு. கிண்டில் பேப்பர்வைட்டில் 300, ஐபேட்டில் 264. 1920க்கு 1200 புள்ளி கொண்ட 11 அங்குல டேப்பில் 206 அளவில் வரும். 1340க்கு 800 கொண்ட 8.7 அங்குலத்தில் 180க்குக் கொஞ்சம் கீழே. தமிழுக்கு இது ஆங்கிலத்தைவிட முக்கியம். மெய்யெழுத்தின் புள்ளி மங்கினால் 'க்' எது 'க' எது என்று ஊகித்து வாசிக்க வேண்டிவரும். ஸ்கான் தரமும் மங்கலாக இருந்தால் இரண்டும் சேர்ந்து கண்ணைக் கொல்லும்.

3. ஈ-ரீடர் யாருக்கு, யாருக்கு இல்லை

ஈ-ரீடரின் திரை காகிதம் மாதிரி வெளிவெளிச்சத்தைத் திருப்பிக் காட்டுவது. கல்லடிக் கடற்கரையில் மூன்று மணி வெயிலில் வைத்து வாசிக்கலாம். டேப் அங்கே முகம் பார்க்கும் கண்ணாடிதான். ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக் கணக்கில் நிற்கும், மின்வெட்டு நாளில் அதன் அருமை தெரியும். நோட்டிபிகேஷன் இல்லை, வட்ஸ்அப் இல்லை. நாவல் வாசிக்கிற ஆளுக்கு இதைவிட நல்லது இல்லை.

ஆனால் இணையம் பார்க்க என்று ஈ-ரீடர் வாங்கவே வாங்காதீர்கள். கிண்டிலிலும் கோபோவிலும் ஒரு உலாவி இருக்கிறது. அதில் செய்தித்தளம் திறப்பது வண்டில் மாட்டை மோட்டார் சைக்கிள் ரேசில் விட்ட மாதிரி. ஒவ்வொரு உருட்டலுக்கும் திரை மினுங்கும், காணொளி வராது, விளம்பரம் நிறைந்த பக்கம் பாதியில் நிற்கும். பிடித்த கட்டுரையைக் கொம்பியூட்டரில் இருந்து கிண்டிலுக்கு அனுப்பி வாசிப்பது வேறு விடயம், அது நன்றாக வேலை செய்கிறது.

ஸ்கான் பிடிஎஃப்பும் 6, 7 அங்குல ஈ-ரீடருக்குச் சரிவராது. ஏற்கனவே ஒன்று வைத்திருக்கிறவர்கள் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருளைக் கொம்பியூட்டரில் போட்டுப் பார்க்கலாம். அது பக்கத்தைச் சொற்களாக வெட்டிச் சிறிய திரைக்கு ஏற்ற மாதிரி அடுக்கித் தரும். எழுத்தைப் படமாகவே கையாள்வதால் தமிழானாலும் பரவாயில்லை. இரட்டைப் பத்திப் பத்திரிகைப் பக்கங்களில் சிலவேளை குழம்பும்.

10 அங்குல ஈ-ரீடர்களும் இருக்கின்றன, 10.2 அங்குலக் கிண்டில் ஸ்கிறைப் மாதிரி. அண்ட்ரொய்டில் ஓடும் பூக்ஸ் வகையும் உண்டு. நல்ல சாமான்கள்தான். அந்தக் காசுக்கு ஒரு ஐபேட் வாங்கலாம் என்பதால் முதல் தடவை வாங்குகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

4. பாமினிப் பொறி

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. இலங்கையில் நெடுங்காலம் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தார்கள். அந்தக் காலத்துப் பிடிஎஃப்களைத் திறந்தால் தமிழ் அழகாகத் தெரியும். அதையே ஈபப் ஆக மாற்றினாலோ, கிண்டிலுக்கு அனுப்பும்போது எழுத்தளவு மாற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றினாலோ முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும். உள்ளே இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துக் குறியீடுகள், மேலே தமிழ் முகம் போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சோதிப்பது சுகம். பிடிஎஃப்பில் ஒரு வரியைத் தெரிவு செய்து கொப்பி பண்ணி, வட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் யுனிகோட் என்ற பொதுக் குறியீடு, எங்கும் போகும். "jkpo;" மாதிரி வந்தால் பாமினி. தெரிவு செய்யவே முடியாவிட்டால் படம். உங்களிடம் இருக்கிற கோப்புகள் கூடுதலாகப் பாமினியோ படமோ என்றால் பெரிய திரை டேப்தான், மேலே யோசிக்க வேண்டாம்.

ஈ-ரீடரில் தமிழ் பெட்டி பெட்டியாக வந்தால் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். இப்போதைய கிண்டிலிலும் கோபோவிலும் கொம்பியூட்டரில் தொடுத்து, எழுத்துருக்களுக்கான கோப்புறைக்குள் நோட்டோ தமிழ் மாதிரி ஒரு இலவச எழுத்துருவைப் போட்டுத் தெரிவு செய்யலாம். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் வந்தால் அது எழுத்துருவின் பிழை அல்ல, கருவியின் மென்பொருள் பழசு. அந்த மாதிரிப் பழைய கருவியைச் சும்மா தந்தாலும் தமிழுக்கு எடுக்க வேண்டாம்.

5. டேப் என்றால் பார்க்க வேண்டியவை

ராம் (செயலிகள் ஓடும்போது பாவிக்கிற நினைவகம்) 4 ஜீபி உண்மையாகவே இருக்க வேண்டும். அதற்குக் கீழே இணையப் பக்கம் நான்கு திறந்தால் முதலாவது திரும்ப லோட் ஆகும். பெட்டியில் 8 என்று போட்டு, அருகில் சின்னதாக 4+4 என்று இருக்கும். இரண்டாவது 4 சேமிப்பகத்தில் இருந்து கடன் வாங்கியது, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். சேமிப்பகம் 64 ஜீபி போதும், மெமரி காட் போட இடமிருந்தால் இன்னும் நல்லது. ஐபேட்டில் மெமரி காட் போட முடியாது.

பெயர் தெரியாத டேப்கள் மலிவாக வரும். 12 ஜீபி ராம், 512 ஜீபி, புத்தம் புது அண்ட்ரொய்ட் என்று ஒட்டியிருப்பார்கள். "இதுல எல்லாம் ஓடும் அக்கா" என்பார் விற்கிற தம்பி. செட்டிங்கில் காட்டும் இலக்கத்தையே மாற்றி எழுதி வைத்திருக்கிற சாமான்கள் இவற்றில் இருக்கின்றன. வைஃபை தொடுத்து சிபியு-ஸீ என்ற இலவசச் செயலியைப் பிளே ஸ்டோரில் இருந்து போட்டுப் பாருங்கள். அங்கே காட்டும் திரை அளவும் ராமும் பெட்டியோடு பொருந்தாவிட்டால் வெளியே வாருங்கள். போட விட மாட்டேன் என்றாலும் வெளியே வாருங்கள்.

பழைய டேப் வாங்குகிறவர்கள் அண்ட்ரொய்ட் பதிப்பைப் பாருங்கள். 2025 ஓகஸ்டுக்குப் பின் வருகிற குரோம் பதிப்புகளுக்கு அண்ட்ரொய்ட் 10 ஆவது வேண்டும். அதற்குக் கீழான பதிப்பு என்றால் கண்ணாடி பளபளவென்று இருக்கும், குரோமுக்குப் புதுப்பித்தல் மட்டும் வராது.

அமேசானின் ஃபயர் டேப் பற்றி ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டில் மலிவு என்று சொந்தக்காரர் வாங்கி அனுப்புவது இதைத்தான். இதில் கூகுள் பிளே ஸ்டோர் இல்லை. சுற்றுவழியில் போடலாம், தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால். கிண்டில் என்று நினைத்து ஃபயர் வாங்குகிறவர்களும் உண்டு. ஃபயர் சாதாரண ஒளிரும் திரை, ஈ-ரீடர் இல்லை. அனுப்புகிறவருக்குப் பெட்டியின் படத்தைப் போட்டுக் காட்டிச் சொல்லுங்கள்.

6. சிம் போடுகிற டேப் வேண்டுமா?

வீட்டில் வைஃபை இருந்தாலும், போனில் ஹொட்ஸ்பொட் போடத் தெரிந்தாலும் வேண்டாம். வைஃபை மட்டும் உள்ளது மலிவு. ஐஎம்இஐ (சிம் போடுகிற கருவி ஒவ்வொன்றுக்கும் உள்ள அடையாள எண்) தொல்லையும் இல்லை.

சிம் உள்ளது எடுப்பதென்றால், கடையிலேயே செட்டிங்கில் உள்ள 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை எடுங்கள். பெட்டியில் உள்ளதும் அதுவும் ஒன்றா பாருங்கள். பிறகு உங்கள் போனில் ஐஎம்இஐ என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு 1909 இற்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவு உண்டா இல்லையா என்று பதில் வரும். 2025 ஜனவரி கடைசியில் இருந்து புதிதாக வருகிற பதிவில்லாத கருவிகளில் சிம் வேலை செய்ய விடமாட்டோம் என்று ஆணைக்குழு அறிவித்திருக்கிறது. "அதெல்லாம் பிறகு பதிஞ்சு தாறம்" என்ற வாக்குறுதிக்குக் காசு கொடுக்காதீர்கள். பதில் வந்த பிறகு கொடுங்கள்.

7. செலவு

விலை மாறிக்கொண்டே இருக்கும். வெளிவந்தபோது இருந்த அமெரிக்க விலையை அளவுகோலாக வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்வது நியாயமா என்று மட்டுப்பிடிக்கலாம். டொலர் 300 ரூபா என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன், அன்றைய விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

2024 இல் வந்த சாதாரண 6 அங்குலக் கிண்டில் 109.99 டொலர், 33,000 ரூபா அளவு. அதே ஆண்டு வந்த 7 அங்குலப் பேப்பர்வைட் 159.99 டொலர், 48,000. சாம்சுங் கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ், 11 அங்குலம், வெளிவந்தபோது 219.99 டொலர், 66,000. 2025 இல் வந்த ஏ16 சிப் உள்ள ஐபேட் 349 டொலர், ஒரு இலட்சத்து ஐயாயிரத்தைத் தொடும்.

இவை வரி சேராத விலை. இங்கே 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம். அதோடு இறக்குமதிச் செலவும் கடையின் இலாபமும் சேரும். ஆகவே கடை விலை இதைவிடக் கூடத்தான் இருக்கும். மாறாக, கடை விலை இதைவிட மிகவும் குறைவாக இருந்தால் அதுதான் சந்தேகப்பட வேண்டிய இடம்.

கவர், சார்ஜர் இரண்டுக்கும் ஒதுக்கி வையுங்கள். சார்ஜர் பெட்டிக்குள் இல்லாமல் வருவது இப்போது வழக்கம். ஈ-ரீடர் என்றால் கடினமான கவர் கட்டாயம். அந்தத் திரை அழுத்தம் தாங்காது, பையில் சாப்பாட்டுப் பெட்டியோடு போட்டால் போச்சு. உடைந்தால் மாற்றுகிற செலவுக்குப் புதிதே வாங்கலாம். கவரைக் கருவியோடு சேர்த்தே வெளிநாட்டில் எடுப்பியுங்கள், மாடலுக்கு மாடல் அளவு வேறு.

8. வெளிநாட்டில் இருந்து எடுப்பிக்கிறவர்களுக்கு

கிண்டில், கோபோ எல்லாம் நம்மவர் பெரும்பாலும் இப்படித்தான் எடுக்கிறோம். காலம் பார்த்துச் சொல்லுங்கள். அமேசானில் நவம்பர் கடைசியில் விலை இறங்கும், ஆண்டின் நடுவில் வருகிற பிரைம் விற்பனையிலும் இறங்கும். நவம்பரில் வாங்கி, டிசம்பரில் ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிடுவது நமக்குத் தோதான கணக்கு.

அங்கே வாங்குகிறவரிடம் நான்கு விடயம் சொல்லுங்கள். ஒன்று, திரையில் விளம்பரம் இல்லாத பதிப்பை எடுக்கச் சொல்லுங்கள். மேலே நான் சொன்ன கிண்டில் விலைகள் விளம்பரம் உள்ளவற்றுக்கு, இல்லாததற்கு 20 டொலர் கூட. இரண்டு, பெட்டியை உடைத்து அங்கேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழுதென்றால் திருப்பிக் கொடுக்கும் காலம் அங்கேதான் ஓடும், இங்கு வந்தபிறகு வாரண்டி என்ற பேச்சுக்கு இடமில்லை. மூன்று, அவருடைய கணக்கில் இருந்து கழற்றிவிடச் சொல்லுங்கள். வாங்கியவர் பெயரிலேயே பதிந்து வருவது கிண்டிலின் வழக்கம், அவர் வாசிக்கிற புத்தகமெல்லாம் உங்கள் திரையில் வந்து நிற்கும், நீங்கள் வாங்குவதற்கு அவருடைய அட்டையில் காசு வெட்டும். நான்கு, விமானத்தில் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். லிதியம் பற்றரி உள்ள கருவிகளைச் சரக்குப் பெட்டிக்குள் போடாமல் இருப்பது நல்லது. பவர் பாங்க் என்றால் கைப்பைதான், வேறு வழியில்லை.

பார்சலில் வருகிறதென்றால் வாங்கிய பற்றுச்சீட்டின் கொப்பியை வட்ஸ்அப்பில் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். சுங்கத்தில் பெறுமதி கேட்கும்போது அதுதான் சாட்சி. தேசிய அடையாள அட்டைக் கொப்பியும் கையில் இருக்கட்டும். பார்சலில் பெயர் அடையாள அட்டையில் உள்ள மாதிரியே இருக்க வேண்டும். வீட்டுப் பெயர், செல்லப் பெயர் வேண்டாம்.

பாவித்த கருவி வாங்கினால் இன்னொன்று. ஐபேட் என்றால் பழைய சொந்தக்காரர் தன் அப்பிள் கணக்கில் இருந்து நீக்கி, உங்கள் முன்னால் முழுவதும் அழித்துத் தர வேண்டும். அண்ட்ரொய்டில் கூகுள் கணக்குக்கும் அதுவே. கடவுச்சொல் தாறன் என்பது போதாது.

9. கடையில் கையில் எடுத்ததும்

போகும்போது உங்கள் கோப்புகளைக் கொண்டுபோங்கள். நூலகம் தளத்தின் ஸ்கான் பிடிஎஃப் ஒன்று, பாடப் புத்தகம் ஒன்று, ஈபப் ஒன்று. போனில் இருந்து அனுப்பித் திறந்து பாருங்கள். கடையில் போட்டிருக்கிற பூ, கடல், மலைப் படங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். எந்தத் திரையிலும் பூ அழகாகத்தான் இருக்கும்.

ஸ்கான் பக்கத்தில் மெய்யெழுத்துப் புள்ளி தெரிகிறதா? நூறு பக்கம் தாண்டிக் குதித்தால் எவ்வளவு நேரத்தில் வருகிறது? திரையின் ஒளியை ஆகக் குறைத்துப் பாருங்கள், இரவில் வாசிக்கிறவருக்கு அது வேண்டும். பிறகு வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். அறுபது தாண்டிய ஒருவர் வாசிக்கப் போகிறார் என்றால் அவரையே கூட்டிப் போங்கள். அவருடைய கண்ணுக்குப் பதிலாக உங்கள் கண் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

10. பற்றுச்சீட்டும் வாரண்டியும்

வாரண்டி மூன்று வகையில் பேசப்படும். நிறுவனத்தின் உள்ளூர் முகவர் தருவது ஒன்று, கடை தன் பொறுப்பில் தருவது ஒன்று, சில நாள் மட்டும் நிற்கும் செக்கிங் வாரண்டி ஒன்று. "ஒரு வருசம்" என்று வாயால் சொன்னால் எந்த ஒரு வருடம் என்று கேளுங்கள். முகவருடையது என்றால் பழுது பார்க்கும் இடம் எங்கே, கொழும்புக்கு அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் கேளுங்கள்.

பற்றுச்சீட்டில் மாடல் பெயர், தொடர் எண், வாரண்டிக் காலம், கடையின் முத்திரை நான்கும் இருக்க வேண்டும். வெறும் "டேப் - 1" என்று எழுதிய துண்டு எதற்கும் உதவாது. வெப்பத் தாளில் அடித்த சீட்டு நம்முடைய வெக்கைக்குச் சில மாதத்தில் வெளுத்துவிடும், அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். தவணைக்கு எடுக்கிறவர் மொத்தமாகக் கட்டப் போகும் தொகையையும் காசு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கேளுங்கள். கடனட்டைக்கு மேலதிகமாக ஏதும் எடுப்பார்களா என்பதை அட்டையை நீட்ட முதல் கேளுங்கள்.

ஏமாற்றப்பட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். முறைப்பாட்டை வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. "அடுத்த மாசம் வாங்க, அடுத்த மாசம் வாங்க" என்று கடை இழுத்தடித்தால் இந்த மூன்று மாதத்தை மறந்துவிடாதீர்கள்.

11. வீட்டுக்கு வந்த பிறகு

டேப்பில் ரீட்எரா என்ற இலவசச் செயலியைப் போடுங்கள். பிடிஎஃப், ஈபப் இரண்டையும் திறக்கும், ஓரமும் வெட்டித் தரும். இணையத்துக்குப் பயர்பொக்ஸ் போட்டு, யூபிளொக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைச் சேர்த்துக்கொண்டால் பக்கமும் வேகமாகத் திறக்கும், டேட்டாவும் மிஞ்சும். நம்முடைய செய்தித்தளங்களில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். எழுத்துச் சிறிதென்றால் உலாவியின் அணுகல்தன்மைப் பகுதியில் எழுத்தளவைக் கூட்டுங்கள். பக்கத்தை விரலால் இழுத்து இழுத்து வாசிக்கத் தேவையில்லை.

ஸ்கான் பிடிஎஃப்கள் கனமானவை. சில வீட்டு இணையப் பொதிகளில் நள்ளிரவுக்குப் பிறகு பாவிக்கவென்று தனி டேட்டா தருவார்கள். உங்களுடையதில் இருந்தால் தரவிறக்கத்தை அந்த நேரத்துக்கு வையுங்கள். மெமரி காட்டில் போட்டுவிட்டால் நவம்பர், டிசம்பர் மழையில் இணையம் போனாலும் வாசிப்பு நிற்காது. பவர் பாங்க் 10,000 mAh அளவு ஒன்று இருந்தால் 5,100 mAh பற்றரி உள்ள 8.7 அங்குல டேப்பை ஒருமுறை நிறைத்து மிச்சமும் இருக்கும். 20,000 என்று போட்டுக் கைக்குள் அடங்குகிறதை நம்பாதீர்கள்.

கிண்டிலுக்கு ஈபப் அனுப்ப அமேசானின் சென்ட் டு கிண்டில் வழி இருக்கிறது, 2022 இல் இருந்து ஈபப்பை நேரடியாக ஏற்கிறது. பழைய மோபி கோப்புகளை இப்போது ஏற்பதில்லை. அங்கே காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தைக் கொம்பியூட்டரில் இறக்கி வைக்கும் வசதியை 2025 பெப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள், அதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கடைசியாக, உப்புக் காற்று. வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற நமக்கு இது சும்மா விடயம் இல்லை. இரவில் யன்னல் ஓரத்தில் சார்ஜ் போட்டு வைக்காதீர்கள். சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலங்களை எறியாமல் கவருக்குள் ஒன்று வையுங்கள். சார்ஜ் குத்தும் இடத்தில் ஈரம் என்று எச்சரிக்கை வந்தால் வயரைக் கழற்றி, துளை கீழே பார்க்க மின்விசிறிக்கு முன்னால் வைத்துவிடுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், அந்தத் தூசு உள்ளே போய் இன்னொரு பழுதைக் கொண்டுவரும். பேப்பர்வைட் நல்ல தண்ணீரில் விழுந்தாலும் தாங்குகிற வகை, சாதாரணக் கிண்டில் அப்படியில்லை. உப்புத் தண்ணீர் பட்டால் எதுவானாலும் உடனே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, முழுதாகக் காயும்வரை சார்ஜ் போடாமல் வையுங்கள்.